பனியை அழைத்தவளும் கப்பலில் வந்தவர்களும்

வான்கூவரின் வரைபடத்தில் அந்த வளைகுடா கிடையாது. 1794 ஜூலையில் அவருடைய கப்பலிலிருந்து படகுகளில் இறங்கிப்போன ஜோசப் விட்பி என்ற அதிகாரி, இன்று தென்கிழக்கு அலாஸ்கா என்று சொல்லப்படும் கரையை அளந்துகொண்டு வந்தார். ஓரிடத்தில் கரை சில மைல் மட்டும் உள்வாங்கியிருந்தது. அதற்கப்பால் பனிச்சுவர். குறித்துக்கொண்டு போய்விட்டார். 85 ஆண்டுகள் கழித்து, 1879 அக்டோபரில், ஜான் மியூர் அதே வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தோணியில் அங்கே வந்தபோது பனிச்சுவர் 40 மைலுக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. அது விட்டுப்போன பள்ளத்தில் கடல் ஏறி நின்றது. அதுதான் இன்றைய கிளேசியர் பே, பனியாற்று வளைகுடா. உல்லாசக் கப்பல்கள் கோடைதோறும் போய் நின்று பனி இடிந்து விழுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற இடம்.

மியூருக்கு வழி தெரிந்தது எப்படி? வரைபடம் வெற்றுக் கரையைக் காட்டியது. அவருடைய தோணியில் துடுப்புப் போட்ட சிட்கா சார்லி என்ற இளைஞன், சின்ன வயசில் அப்பாவோடு சீல் வேட்டைக்குப் போன ஒரு பெரிய குடாவைப் பற்றிச் சொன்னான். உள்ளே முழுக்கப் பனி மிதக்கும், மரமே கிடையாது, விறகைக் கையோடு கொண்டுபோகணும் என்றான். பிரிட்டிஷ் கடற்படையின் அளவீடு ஒரு பக்கம், ஒரு பையனின் வேட்டை ஞாபகம் மறுபக்கம். ஞாபகம்தான் சரியாக இருந்தது. ஆனால் இந்தச் சம்பவம் நூல்களில் 'மியூர் கிளேசியர் பேயைக் கண்டுபிடித்தார்' என்றே பதிவாகியிருக்கிறது.

நான் அலாஸ்கா போனதில்லை, போகப்போவதும் இல்லை. பனி என்றால் மார்கழிக் காலையில் துண்டைத் தலையில் கட்டவைப்பது என்று அறிந்த மொழியில் 'பனியாறு' என்பதே பாடப்புத்தகத்துக்காக உண்டாக்கிய சொல். ஆகவே இங்கே நான் படிப்பது பனியை அல்ல, பனியைப் பார்க்கப் போனவர்கள் எழுதிய பிரதிகளை. அந்தப் பிரதிகளில் ஒரு வெற்றிடம் எப்படித் தயாரிக்கப்பட்டது, தயாரித்த பிறகு அது எப்படிச் சட்டமானது என்பதுதான் என் அக்கறை.

மியூரின் தோணியில் இருந்தவர்களைக் கொஞ்சம் பார்க்கலாம். தலைவர் டோயாட்டே, ஸ்டிகீன் குழுவைச் சேர்ந்த ட்லிங்கிட் பிரபு. மற்றவர்கள் கடசான், ஸ்டிகீன் ஜான், சிட்கா சார்லி. கூடவே ஹால் யங் என்ற பாதிரியார். குடாவின் வாயில் ஹூனா ட்லிங்கிட் மக்களின் சீல் வேட்டைக் குடிசை ஒன்று இருந்தது. அங்கிருந்து ஒரு ஹூனாக்காரர் வழிகாட்டியாகச் சேர்ந்துகொண்டார். குளிர்காலம் நெருங்குகிறது, மழை விடவில்லை, தோணியை நசுக்கிவிடக்கூடிய பனிப்பாறைகள் மிதந்து வருகின்றன. மியூரோ மலைச்சரிவில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். அறிவைத் தேடி இப்படி ஒரு இடத்துக்கு இந்த நேரத்தில் வருகிறவன் சூனியக்காரனாகத்தான் இருக்கணும் என்று டோயாட்டே சொன்னதாக மியூரே எழுதியிருக்கிறார். 'காட்டுமனிதர்களின்' மூடநம்பிக்கைக்கும் தன் துணிச்சலுக்கும் உதாரணமாக அவர் அதை வைக்கிறார். எனக்கு அது சரியான நோயறிதலாகப் படுகிறது. அடுத்தவர் உயிரையும் தோணியையும் பணயம் வைத்து, சாப்பாட்டுக்கும் இல்லாமல் வியாபாரத்துக்கும் இல்லாமல், பார்ப்பதற்காகவே பார்க்க வருகிறவனை வேறு எந்தப் பெயரால் அழைப்பது? டோயாட்டே அடுத்த சில மாதங்களில், 1880இன் தொடக்கத்தில், ராங்கலில் நடந்த ஒரு மோதலில் சுட்டுக் கொல்லப்பட்டார். மியூரின் பெயர் குடாவின் மிகப் பிரபலமான பனியாற்றுக்கு வைக்கப்பட்டது. டோயாட்டே, கடசான் பெயர்களிலும் பனியாறுகள் உண்டு, பின்னாளில் வைத்தவை, சின்னவை.

மேரி லூயிஸ் பிராட் 1992இல் வெளியிட்ட 'ஏகாதிபத்தியக் கண்கள்' என்ற நூலில் ஐரோப்பியப் பயண எழுத்தின் ஒரு உத்தியை விளக்குகிறார். பயணி உயரமான இடத்தில் ஏறி நின்று கீழே விரிவதை வர்ணிப்பான், வர்ணனை முடியும்போது நிலம் அவனுடையதாகியிருக்கும். துப்பாக்கி வேண்டாம், உரிச்சொற்கள் போதும். கப்பலின் மேல்தளம் இந்த உயரத்தைப் பணம் கொடுத்தவர்களுக்கெல்லாம் வாடகைக்கு விட்டது என்பேன். மலை ஏறவேண்டாம், மழையில் நனையவேண்டாம், நாற்காலியில் சாய்ந்தபடியே அரசனாகலாம்.

அந்த வாடகை வியாபாரம் மியூர் போய் நாலே வருஷத்தில் தொடங்கிவிட்டது. 1883 கோடையில் கேப்டன் ஜேம்ஸ் கரோல், 'ஐடஹோ' என்ற நீராவிக் கப்பலைப் பயணிகளோடு குடாவுக்குள் ஓட்டினார். பயணிகளில் எலைசா சிட்மோர் என்ற பத்திரிகையாளரும் ஒருவர். 1885இல் அவர் வெளியிட்ட அலாஸ்கா நூல் அந்தப் பாதைக்கே விளம்பரமாகிவிட்டது. (இதே சிட்மோர் பிறகு இந்தியாவையும் சுற்றிப் பார்த்து 1903இல் 'குளிர்கால இந்தியா' என்று ஒரு புத்தகம் போட்டார். ஒரே கண்ணாடி, வேறு ஜன்னல்.) மியூர் பனியாற்றின் முகப்பில் பயணிகள் ஏறி நடப்பதற்குப் பலகைப் பாதை போட்டார்கள். 1890இல் மியூர் அங்கே குடிசை கட்டி ஆராய்ச்சிக்காகத் தங்கியபோது, அவரை அங்கே கொண்டுவந்து இறக்கியதும் சுற்றுலாக் கப்பல்தான். இயற்கையின் தனிமையைத் தேடிப்போன ஞானிக்கும் டிக்கெட் வாங்கிய கூட்டத்துக்கும் ஒரே கப்பல். வரலாறு இந்த விஷயத்தில் கொஞ்சம் குறும்பாகவே நடந்துகொண்டிருக்கிறது.

அடுத்து 1899. ரயில்வே அதிபர் எட்வர்ட் ஹாரிமனுக்கு மருத்துவர்கள் ஓய்வு எடுக்கச் சொன்னார்கள். கரடி வேட்டைக்குப் போகலாம் என்று நினைத்தவர் அதை ஒரு விஞ்ஞானப் பயணமாக விரித்துவிட்டார். 'ஜார்ஜ் டபிள்யூ. எல்டர்' என்ற கப்பலில் 126 பேர். விஞ்ஞானிகள், ஓவியர்கள், சுருக்கெழுத்தாளர்கள், மிருகங்களைப் பாடம் செய்பவர்கள், ஹாரிமனின் குடும்பம். மியூர் இருந்தார், ஜான் பரோஸ் இருந்தார், புகைப்படக்காரராக எட்வர்ட் கர்ட்டிஸ். இன்று 'எக்ஸ்பெடிஷன் குரூஸ்' என்று விற்கப்படும் சரக்கின் மூல அச்சு இந்தப் பயணம்தான். அறிவும் சொகுசும் ஒரே தளத்தில், மாலையில் சொற்பொழிவு, காலையில் பனியாறு, நடுவில் நல்ல சாப்பாடு. கிளேசியர் பேயில் சில நாள் நின்றுவிட்டு வடமேற்கே பிரின்ஸ் வில்லியம் சவுண்டுக்குப் போனார்கள். அங்கே ஒரு ஃபியோர்டில் வரிசையாக இறங்கிய பனியாறுகளுக்கு ஹார்வர்ட், யேல், ஸ்மித், வஸ்ஸார் என்று தங்கள் கல்லூரிகளின் பெயர்களைச் சூட்டினார்கள். இன்னொரு ஃபியோர்டுக்கு ஹாரிமன் பெயர். கோடியாக் தீவில் ஹாரிமனுக்குக் கரடியும் கிடைத்தது, ஒரு தாயும் குட்டியும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டியிருக்கிறது. திரும்பும் வழியில், ஜூலைக் கடைசியில், கேப் ஃபாக்ஸ் என்ற இடத்தில் சான்யா ட்லிங்கிட் மக்களின் ஊரில் இறங்கினார்கள். வீடுகள் இருந்தன, குலமரத் தூண்கள் இருந்தன, ஆட்கள் இல்லை. 'கைவிடப்பட்ட கிராமம்' என்று முடிவுசெய்து தூண்களை அறுத்து, கட்டி இழுத்து, கப்பலில் ஏற்றினார்கள். மற்ற சாமான்களையும் எடுத்துக்கொண்டார்கள். கர்ட்டிஸ் படம் எடுத்தார். ஊர்க்காரர்கள் எங்கே? அம்மை நோய்களில் அடிபட்டு மிஞ்சியவர்கள், சில வருஷம் முன்பு சாக்ஸ்மன் என்ற புது ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். உயிரோடு, அதே கரையில் இருந்தார்கள். ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போனால் வீட்டுச் சாமியும் அநாதையாகிவிடுமா? அந்தக் கப்பலில் இருந்தவர்கள் திருடர்கள் இல்லை. படித்தவர்கள், அவர்களில் சிலர் பழங்குடிகளின்மேல் உண்மையான பரிவு கொண்டவர்கள். பிரச்சினையே அதுதான். 'காலியாக இருக்கிறது' என்ற வாக்கியத்தை நம்பிவிட்டால் நல்லவர்களாலும் எதையும் தூக்கிக்கொண்டு போகமுடியும். தூண்கள் அருங்காட்சியகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போய் நின்றன. 2001இல் அதே பாதையில் இன்னொரு கப்பல் போனது, ஸ்மித் கல்லூரி ஏற்பாடு செய்த மறுபயணம். அந்தப் பயணத்தோடு தூண்கள் சந்ததியாரிடம் திரும்பின. 102 ஆண்டுகள். ஹார்வர்டின் அருங்காட்சியகத்துக்கு அவர்கள் பதிலுக்கு ஒரு செடார் மரம் கொடுத்தார்கள். திருடு கொடுத்தவன் திருப்பித் தந்தவனுக்குப் பரிசு கொடுப்பது நமக்கு விசித்திரமாகத் தெரியலாம். கொடுத்துத்தான் உறவு நிற்கும் என்று வைத்திருக்கிற சமூகத்தில் வேறு வழியில்லை.

ஹாரிமன் திரும்பிய சில வாரங்களில், 1899 செப்டம்பரில், பெரும் பூகம்பம் வந்தது. மியூர் பனியாறு நொறுங்கிக் குடா முழுக்கப் பனிப்பாறைகள் அடைத்துக்கொண்டன. சுற்றுலாக் கப்பல்கள் சில ஆண்டுகளுக்கு உள்ளே போகமுடியவில்லை. நிலத்தின் அபிப்பிராயம் அது என்று ஒரு கவிஞர் எழுதலாம். நான் எழுதவில்லை.

அமெரிக்காவில் இருக்கிற என் அக்கா மகன் குடும்பத்தோடு இந்தக் கப்பலில் போய்வந்து படங்கள் அனுப்பினான். நீலப் பனி, அதன் முன்னால் குழந்தைகள். (பனியாற்றுப் பனி நீலமாகத் தெரிவதற்குக் காரணம், பல பத்தாண்டுப் பனி ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்திக் காற்று வெளியேறி இறுகும்போது அது ஒளியின் சிவப்பை விழுங்கிவிடுகிறது, நீலம் தப்பி வருகிறது.) போனில் சொன்னான்: "ஒரு ஈ காக்கா கிடையாது மாமா. மனுசன் காலே படாத இடம். அந்தச் சத்தம் இருக்கே, இடி மாதிரி, அழுகையே வந்துருச்சு." அழுகை வந்ததை நான் சந்தேகப்படவில்லை. அடுத்து எங்கே போனீங்க என்று கேட்டேன். "மறுநாள் ஹூனான்னு ஒரு ஊரு. செவ்விந்தியர் ஊரு. டான்ஸ் எல்லாம் ஆடுனாங்க. நல்ல சால்மன் கிடைச்சுது." முதல் நாள் பார்த்த இடம் இரண்டாம் நாள் பார்த்த ஜனங்களின் வீடு என்பது அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றாதபடிதான் நிரல் போட்டிருக்கிறார்கள்: ஒரு நாள் 'இயற்கை', ஒரு நாள் 'பண்பாடு', நடுவில் ஒரு இரவுத் தூக்கம். அந்தத் தூக்கத்துக்குள் இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு மூழ்கிக் கிடக்கிறது.

பனி வருவதற்கு முன்பு அந்தக் குடா பள்ளத்தாக்காக இருந்தது. ஆறு ஓடியது, சால்மன் ஏறியது, ஹூனா குலங்களின் ஊர்கள் இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் பனியாறு வேகமாக இறங்கி ஊர்களை அழித்தது. புவியியலாளர்களின் ஆய்வும் இதையே சொல்கிறது. ஆனால் ஹூனா மக்கள் இதைக் காஸ்தீன் என்ற பெண்ணின் கதையாகச் சொல்கிறார்கள். பருவமெய்தி ஒதுக்கிவைக்கப்பட்ட பெண். தனிமை பொறுக்காமல், கருவாட்டைக் காட்டி நாயைக் கூப்பிடுவதுபோலப் பனியாற்றைக் கூப்பிட்டுவிடுகிறாள். அது வந்துவிடுகிறது. வீடுகள் சாய்கின்றன, ஊர் தோணிகளில் ஏறுகிறது. யாராவது ஒருவர் பின்தங்கவேண்டும். ஒரு சொல்லலில் காஸ்தீனே தங்கிவிடுகிறாள். இன்னொன்றில், இவள் சின்னவள், பிள்ளை பெறவேண்டியவள் என்று சொல்லி ஷாவட்சீக் என்ற கிழவி தங்குகிறாள். போகிறவர்கள் தங்கள் வீடுகளுக்காக ஒப்பாரி கட்டிப் பாடிக்கொண்டு போகிறார்கள். போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்றுதான் ஹூனா, வடகாற்றுக்கு மறைவான இடம் என்று பொருள்.

சூசி ஜேம்ஸ், ஏமி மார்வின் என்ற இரண்டு மூதாட்டிகள் சொன்ன வடிவங்களை நோரா மார்க்ஸ் டாவன்ஹவரும் ரிச்சர்ட் டாவன்ஹவரும் 1987இல் ட்லிங்கிட் மொழியிலும் ஆங்கிலத்திலுமாக வெளியிட்டார்கள். இந்தக் கதை சூகனேதி குலத்தின் சொத்து. உருவகமாகச் சொல்லவில்லை, நிலத்தைப்போல, தலைப்பாகையைப்போலச் சொத்து. காஸ்தீன் என்ற பெயரும் பாட்டும் அந்தக் குலத்துக்குரியவை, விலை ஒரு உயிர். நாட்டார் கதை என்றால் உரிமையாளர் இல்லாதது என்று எடுத்தாளும் பழக்கமுள்ள நாம் இங்கே தயங்கவேண்டும். நான் தந்தது அச்சில் உள்ளதன் எலும்பு மட்டும்.

இந்தக் கதையில் என்னை உலுக்குவது, பனியாறு கேட்கிறது என்பதுதான். ஜூலி குரூக்‌ஷாங்க் 2005இல் எழுதிய 'பனியாறுகள் கேட்குமா?' என்ற நூல், இந்தக் கரையிலும் உள்நாட்டு மலைகளிலும் பனியாறுகளுக்குக் காதும் மூக்கும் உண்டென்பதை, அருகில் கொழுப்பு வறுத்தால் கோபிக்கும் என்பதைப் பெண்களின் வாய்மொழியிலிருந்து பதிவுசெய்கிறது. மியூருக்குப் பனியாறு ஒரு நூல், கடவுள் எழுதியது. கப்பல் பயணிக்கு அது காட்சி. காஸ்தீனின் ஜனங்களுக்கு அது கூப்பிட்டால் வந்துவிடக்கூடிய ஒன்று, ஆகவே வாயை அடக்கவேண்டிய உறவு. அதோடு, இந்தக் கதையில் வீடு இழந்ததன் பொறுப்பைத் தங்கள் பெண்ணின்மேலும் தங்கள்மேலும் ஏற்றுக்கொண்டு, அவளையும் கைவிடாமல் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். (மாதவிலக்கைப் பற்றிய அச்சம் இதில் இல்லையா என்று பெண்ணியத் தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை, அவளைத் தாயாக்குகிறது.) புகை கக்கும் கப்பலில் ஏறிப்போய், உருகும் பனியைப் 'போவதற்குள் பார்த்துவிடணும்' என்று சொல்லும் இன்றைய பயணத்தில் யாரும் யார் கூப்பிட்டார்கள் என்று கேட்டுக்கொள்வதில்லை. மியூர் பனியாறு 1990களிலேயே கடலைவிட்டு ஏறிப்போய்விட்டது. இப்போது அதன் முன்னால் கப்பல் நிற்பதில்லை.

பனி பின்வாங்கப் பின்வாங்க ஹூனா மக்கள் பின்னாலேயே திரும்பிப் போனார்கள். சீல், கடற்காகத்தின் முட்டை, பெர்ரி, சால்மன். சார்லி சொன்ன வேட்டையும், மியூர் பார்த்த குடிசையும் அந்தத் திரும்புதலின் தடயங்கள். விட்பி பார்த்தது நீண்ட குடியிருப்பின் நடுவே விழுந்த ஒரு இடைவெளியை. அந்த இடைவெளியைத்தான் பிறகு சட்டம் நிரந்தரமாக்கியது.

வில்லியம் கூப்பர் என்ற தாவரவியலாளர் 1916 முதல், பனி விலகிய வெறும் தரையில் செடிகொடிகள் எந்த வரிசையில் வருகின்றன என்று சதுரம் கட்டி ஆராய்ந்தார். அருமையான ஆய்வு, மறுக்கவில்லை. அவரும் சூழலியலாளர் சங்கமும் முயன்றதால் 1925 பிப்ரவரி 26 அன்று ஜனாதிபதி கூலிட்ஜ் கிளேசியர் பேயைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். பாசி வரலாம், ஆல்டர் வரலாம், ஸ்ப்ரூஸ் வரலாம், மனிதன் மட்டும் அந்த வரிசையில் கிடையாது. 1936இல் காங்கிரஸ் அதே நினைவிடத்தில் சுரங்கம் தோண்ட அனுமதித்தது. 1939இல் எல்லை விரிந்தது. பனிச்சுமை நீங்கியதால் நிலம் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 3 செ.மீ. உயர்ந்துகொண்டிருக்கிற கரையில், குஸ்டாவஸ் என்ற இடத்தில், வெள்ளைக் குடியேறிகள் பண்ணை போட்டிருந்தார்கள். அவர்கள் கத்தினார்கள், 1955இல் அவர்கள் நிலம் எல்லையிலிருந்து விலக்கப்பட்டது. ஹூனாவுக்கு அப்படி எதுவும் விலக்கப்படவில்லை. டோங்காஸ் காடு, கிளேசியர் பே உட்படப் பறிக்கப்பட்ட நிலங்களுக்காக ட்லிங்கிட், ஹைடா மக்களுக்கு 1968இல் நீதிமன்றம் மொத்தமாக 75 லட்சம் டாலர் விதித்தது. 1960களில் முட்டை எடுப்பது தடுக்கப்பட்டது, 1974இல் சீல் வேட்டை நிறுத்தப்பட்டது. 1980இல் நினைவிடம் தேசியப் பூங்காவானது. அலாஸ்காவின் புதிய பூங்காக்கள் பலவற்றில் வாழ்வாதார வேட்டைக்கு இடம்கொடுத்த அதே சட்டம் இந்தப் பூங்காவுக்கு இடம்கொடுக்கவில்லை. வில்லியம் குரோனன் 1995இல், 'வனாந்தரம்' என்பது நாகரிகத்துக்கு வெளியே இருப்பதல்ல, நாகரிகத்தின் கைவேலை என்று எழுதியபோது அமெரிக்கச் சூழலியலாளர்கள் கொதித்தார்கள். ஹூனாவில் இது யாருக்கும் புதிய செய்தியாக இருந்திருக்காது.

ஹூனா மக்களையும் வெறும் பலியாட்களாக்கி ஒரு கண்ணீர்க் கதை செய்யவேண்டாம். அவர்களுடைய நிறுவனமே 2004இல் பழைய மீன் பதனிடும் ஆலையைக் கப்பல் துறையாக்கி நடத்துகிறது. என் அக்கா மகன் சால்மன் தின்றது அங்கேதான். கப்பல்களில் ஏறி ஹூனாவின் கதையை ஹூனாக்காரர்களே சொல்கிறார்கள். 2016 ஆகஸ்டில் பூங்காவும் ஹூனா பழங்குடி அமைப்பும் சேர்ந்து பார்ட்லெட் கோவில் மூதாதையர் வீடு ஒன்றைத் திறந்தார்கள். தோணிகளில் வந்து இறங்கினார்கள். 2018இல் பூங்காவுக்கும் தங்களுக்கும் இடையே நடந்ததையே செதுக்கிய தூண் ஒன்று நடப்பட்டது. கப்பலை எதிர்ப்பதா, கப்பலில் ஏறிப் பேசுவதா என்ற கேள்வியில் அவர்கள் இரண்டாவதை எடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் துறையில் கப்பல் வராத கோடை ஒன்றை 2020இல் பார்த்தபோது வருமானம் எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

கடைசியாக முட்டை விவகாரம். ஹூனாவின் பழைய விதி எளிது. கூட்டில் ஒன்றோ இரண்டோ முட்டை இருந்தால் எடுக்கலாம், மூன்று இருந்தால் தொடக்கூடாது. மூன்று ஆனபின் பறவை அடைகாக்க உட்கார்ந்துவிடும், அதற்குமுன் எடுத்தால் மறுபடி இட்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொள்ளும். பூங்கா இதை ஆராய ஆட்களை அமர்த்தி, ஆராய்ந்து, பறவைகளுக்குக் கேடில்லை என்று கண்டது. 2014இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஹூனா மக்கள் கடற்காக முட்டை எடுக்க ஒரு தனிச் சட்டமே நிறைவேற்றியது. சில இடங்களில், வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, பூங்கா போடும் திட்டப்படி. அதே குடாவில் கோடையின் ஒவ்வொரு நாளும் இரண்டு பெரிய உல்லாசக் கப்பல்கள் நுழைய அனுமதி இருக்கிறது.